ஷாஜனின் லீவுக்குக் காத்திருந்த தாடை

ஏசுஅடிமை டிரம்பெட்டை உதட்டில் வைத்தால் சவப்பெட்டி தூக்குகிறவர்கள் தாமாகவே நடையைக் குறைத்துக்கொள்வார்கள். இரணியலைச் சுற்றியுள்ள சபைகளில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. வீட்டிலிருந்து அழாமல் வந்த மருமகள்கூட, அவன் இரண்டாவது பாட்டை எடுக்கும்போது முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள். "செத்தவன் எப்படிப்பட்டவனோ, இவன் வாசிச்சு முடிக்கும்போ நல்லவனாயிருவான்" என்று பேண்ட் மாஸ்டர் சுயம்புராஜ் சொல்வார். கோயில் ஊர்வலம், கல்யாண வரவேற்பு, பள்ளிக்கூட விளையாட்டு விழா எல்லாவற்றுக்கும் சுயம்புராஜின் செட்தான் போகும். ஆனால் அடக்கத்துக்கு ஆள் சொல்ல வருகிறவர்கள் மட்டும், "டிரம்பெட்டுக்கு அவருதானே வருவாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் நேரத்தையே சொல்வார்கள்.

நானும் அவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். நான் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போய், பிறகு ஊரைவிட்டே போய்விட்டேன். ஊரிலிருந்து போன் வந்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துகொண்டே எடுக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஏசுஅடிமையின் பல் போன செய்தியும் அப்படி வந்ததுதான். போனில் பேசியது அவன் மனைவி குளோரி.

வில்லுக்குறிப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் பேண்டுக்கு முதுகு காட்டி, முன்னால் ஆடிக்கொண்டே போனார்கள். ஒருவனுடைய முழங்கை டிரம்பெட்டின் அகன்ற வாயில் பலமாக இடித்தது. உதட்டில் வைத்து ஊதுகிற மவுத்பீஸ் நேராக வாய்க்குள் போய்விட்டது. மேல்வரிசை முன்பல் இரண்டும் உடைந்து, அவற்றைப் பிடித்திருந்த எலும்பும் நொறுங்கி, சட்டை முழுக்க ரத்தம். "என்ன மாஸ்டரே, பாட்ட நிறுத்திட்டிய?" என்று ஆடியவன் திரும்பிப் பார்க்காமலே கேட்டானாம்.

கழற்றி மாட்டுகிற பல் செட் ஒன்றை வைத்துக்கொண்டு ஏசுஅடிமை சில மாதம் ஓட்டினான். டிரம்பெட்காரனுக்கு முன்பல் என்பது கடிக்கிறதற்கு இல்லை. மவுத்பீஸ் உதட்டில் அழுந்தும்போது உதட்டுக்குப் பின்னால் நின்று தாங்குவது அந்தப் பல்தான். கழற்றுகிற பல் தாங்காது, தூக்கும். உச்ச சுரத்தில் சத்தம் கிழிந்துபோகும். ஒருமுறை கல்லறை வாசலில் பல் செட் கழன்று மவுத்பீசுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் அவனுக்குப் பெரிய அவமானம்.

அதன்பிறகுதான் நாகர்கோவிலில் டாக்டர் தேவகுமாரைப் பார்த்தான். தாடை அறுவை சிகிச்சையில் பழம் தின்று கொட்டை போட்டவர். படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"பல்லு போன இடத்துல எலும்பும் கரைஞ்சு போச்சு வே. புதுப் பல்லுக்கு ஸ்குரூ போடணும்னா அது பிடிச்சு நிக்க எலும்பு வேணுமில்லா? உம்ம கீழ்நாடியில இருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்து மேல வச்சுப் பிடிப்பிக்கணும். அது ஒட்டின பிறகு பல்லு."

"எப்படி வெட்டுவீங்க, டாக்டர்?"

"திறந்து, கண்ணால பாத்து, அளந்து, கையாலதான். கீழுதட்டுக்கு உணர்ச்சி கொண்டுபோற நரம்பு ரெண்டு பக்கமும் அங்கதான் வெளிய வருது. நான் அதுக்குப் பக்கத்துல போகமாட்டேன். ஆனாலும் கொஞ்ச நாள் மரத்துக் கிடக்கலாம். உமக்குச் சோறு போடுகது உதடாக்கும். அதனால முன்கூட்டியே சொல்லுகேன்." சற்று யோசித்துவிட்டு அவரே தொடர்ந்தார்: "கம்ப்யூட்டர்ல திட்டம் போட்டு, வெட்ட வேண்டிய கோட்டுக்கு ஒரு அச்சு செஞ்சு, அத வாயில மாட்டி வெட்டுகவங்களும் உண்டு. அதுவும் நல்ல முறைதான், குறை சொல்லமாட்டேன். எனக்குக் கை பழகிப்போச்சு. எதுவானாலும் சீக்கிரம் செய்யும். தள்ளிப் போடப் போட கரைஞ்சுகிட்டேதான் போகும்."

ஏசுஅடிமை அங்கேயே நாள் கேட்டு வாங்கிவிட்டான். வீட்டுக்கு வந்து தம்பிக்குப் போன் செய்ததுதான் கெட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் அதை வழக்கம் என்று சொல்வதில்லை, அவ்வளவு ஊறிப்போனது. வெளிநாட்டில் இருக்கிற ஆள் லீவில் வரும்வரை வீட்டில் பெரிய காரியம் எதுவும் நடக்காது. கல்யாணம், வீடு பிரதிஷ்டை, பங்கு பிரிப்பு, முற்றத்துத் தென்னையை வெட்டுவதுகூட அவன் வந்த பிறகுதான். ஞானஸ்நானம் தள்ளித் தள்ளிப் போய், பிள்ளை தானாகவே நடந்து ஆலயத்துக்குள் ஏறிய கதையும் எங்கள் தெருவில் இருக்கிறது. உடம்பு வியாதியும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

தம்பி ஷாஜன் கத்தாரில் ஒரு பெரிய எரிவாயு ஆலையில் பைப் வேலைக்கு ஃபோர்மேன். அப்பா செத்தபிறகு அவனை ஐ.டி.ஐ. படிக்கவைத்தது அண்ணனின் டிரம்பெட். அதை அவன் ஒருநாளும் மறந்ததில்லை. அண்ணனுக்கு ஒன்று என்றால் உலகத்திலேயே நல்லதாக வேண்டும் என்று நினைப்பான்.

"கையால வெட்டுவாராமா? இது என்ன கொத்தனார் வேலையாண்ணே?"

"பெரிய டாக்டரு லே. மரியாதையாப் பேசு."

"எங்க பிளாண்டுல டிராயிங் இல்லாம ஒரு பைப்ப வெட்டினா அன்னைக்கே ஊருக்கு அனுப்பிருவான், கேட்டியளா? பைப்புக்கே டிராயிங். உங்க தாடைக்கு வேண்டாமா? திருவனந்தபுரத்துல ஸ்கேன் எடுத்து, மொதல்ல கம்ப்யூட்டர்ல வெட்டிப் பாத்துட்டுத்தான் ஆளைத் தொடுவாங்க. அரை மில்லிமீட்டர் மாறாது. நான் எல்லாம் விசாரிச்சாச்சு."

"சீக்கிரம் செய்யணும்னு அவரு சொன்னாரே."

"செய்யலாம். ஸ்கேன் இப்பமே எடுத்திருங்க. ஓணத்துக்கு எனக்கு லீவு. நான் வராம நீங்க தியேட்டருக்குள்ள போகப்பிடாது. அவங்க இங்கிலீஷ்லயும் மலையாளத்துலயும் என்னமும் சொல்ல, நீங்க தலையாட்டிட்டு வந்திருவிய."

நாகர்கோவில் நாளை ஏசுஅடிமை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவனும் குளோரியும் திருவனந்தபுரம் போய் ஸ்கேன் எடுத்தார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். திரையில் மண்டையோட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். நரம்புக்கு மஞ்சள் நிறம், வெட்டும் கோட்டுக்குச் சிவப்பு. இரண்டு அச்சு வரும். ஒன்று மேல்தாடைக்கு, மற்றது கீழ் முன்பற்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்து கத்திக்கு வழிகாட்டும். "எனக்க மண்டையோட்ட நானே பாத்தேன்டே" என்று ஏசுஅடிமை எனக்குப் போனில் சொன்னான். "பல்லு ரெண்டும் இல்லாம நல்லாச் சிரிக்குது." கீழ் அச்சைப் பற்றி டாக்டர் சொன்னது அவன் தலையில் ஏறவில்லை. பல் போனது மேலே. ஆகவே காரியமும் மேலேதான் என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

ஓணத்துக்கு ஷாஜனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் வேலை வந்தது. கிறிஸ்துமஸுக்கு என்றான், அதுவும் நடக்கவில்லை. அச்சு இரண்டும் செய்து, பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரியில் காத்திருந்தன. "போன் போட்டு, நாங்களே போய் முடிச்சிருகோம்னு சொல்லுங்க" என்று குளோரி பலமுறை சொல்லியிருக்கிறாள். "அவன் மனசு சங்கடப்படும் பிள்ளே" என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில்.

டிசம்பரில் கீழ் முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. அன்றைக்கு வாங்கிய அதே இடியில் அதுவும் அடிபட்டிருக்க வேண்டும். வீடு வீடாகக் கேரல் பாடப் போகிற சமயம், பேண்டுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம். வலி தாங்காமல் தக்கலையில் ஒரு கிளினிக்கில் போய்ப் பிடுங்கிப் போட்டுவிட்டு நேராகக் கேரலுக்குப் போய்விட்டான்.

"திருவனந்தபுரத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்திருக்கலாமில்லியா?" என்றாள் குளோரி.

"ஆபரேஷன் மேல்ப்பல்லுக்கு. கீழ்ப்பல்லு அவங்களுக்கு எதுக்குட்டி?"

எனக்கும் அதைச் சொன்னான். நல்லவேளை வலி போயிற்றே என்றுதான் எனக்கும் தோன்றியது. ஷாஜனுக்கும் அப்படியே தோன்றியிருக்கும்.

ஜனவரிக் கடைசியில் ஷாஜன் வந்தான். வந்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் பேசி நாள் வாங்கினான். லீவில் பாதி வீட்டு மதிலுக்கும் பத்திர ஆபீசுக்கும் போனது. மீதிப் பாதியின் கடைசியில் அறுவை சிகிச்சை வந்து நின்றது. வேனில் ஜெபம் செய்துவிட்டுப் புறப்பட்டார்கள். வழியெல்லாம் ஷாஜன் போனில் அந்த நிறம் பூசிய மண்டையோட்டைக் காட்டி, எந்தக் கோட்டில் என்ன நடக்கும் என்று மைனிக்கு விளக்கிக்கொண்டே வந்தான். அண்ணன் மனைவியை அவன் மைனி என்றுதான் கூப்பிடுவான்.

மரத்துப்போக ஊசி போடுவதற்கு முன் டாக்டர் அச்சை மாட்டிப் பார்த்தார். மேலே இருந்தது சரியாக உட்கார்ந்தது. கீழே வைத்தது, கால் ஒன்று குட்டையான பெஞ்சைப் போல ஆடியது. டாக்டர் எடுத்துத் துடைத்து மறுபடியும் வைத்தார். மறுபடியும் ஆடியது.

"இவிடெ ஒரு பல்லு இருந்ததல்லோ? அது எங்கே?"

"கிறிஸ்மசுக்கு எடுத்தேன், டாக்டர். வலி."

டாக்டர் வெளியே நின்ற ஷாஜனையும் குளோரியையும் உள்ளே கூப்பிட்டார். "பல்லு போயி, பக்கத்துல உள்ள ரெண்டும் சாய்ஞ்சிருக்கு. ஸ்கேன் எடுத்தப்போ உள்ள வாய் இல்லை இது. சரியா உக்காராத அச்சை வெச்சு வெட்டினா அச்சே இல்லாம வெட்டறதைவிட மோசம். புதுசா ஸ்கேன் எடுத்து, புதுசா செய்யணும். மூணு ஆழ்ச்ச, மூணு வாரம் ஆகும்."

"எனக்கு வெள்ளிக்கிழமை பிளைட்டு டாக்டரே."

"பேஷண்ட் நிங்களல்லல்லோ."

ஷாஜனுக்கு முகம் சிவந்துவிட்டது. "பிளான் கம்ப்யூட்டர்ல கிடக்கில்லா? அத ஸ்கிரீன்ல பாத்துக்கிட்டே கையால வெட்டினாப் போதாதா?"

"ஆகாதுன்னு இல்லை. நான் கையால எடுத்துக் கொஞ்சம் நாளாயி. காத்திருக்கறதுதான் நல்லது. இனி, பேஷண்ட் சொல்லட்டும்."

"எழும்புங்க" என்றாள் குளோரி. "கையாலதான்னா நாகர்கோவில் டாக்டரு இருக்காரு. காலம்பூரா கையாலயே செய்யுகவரு. அங்க போவோம்."

"மைனி, கொஞ்சம் பேசாம இரிங்க. பின்ன இந்த ஒரு வருஷமா நாம என்ன செஞ்சோம்? இதுக்குத்தான் நான் வந்தேனா?" ஷாஜன் அண்ணனைப் பார்த்தான். "அண்ணே, நீங்க சொல்லுங்க. இன்னைக்கு விட்டா இனி அடுத்த லீவுக்குத்தான்."

நாற்காலியில் சாய்ந்திருந்த ஏசுஅடிமையின் வாயில் அப்போது எதுவும் இல்லை. பேச முடியாத நிலையும் இல்லை. தம்பியின் சட்டைக்காலர் வியர்வையில் நனைந்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். எழுந்து போனால் டாக்டர் முன்னால் அவன் சிறுத்துப்போவான் என்று மட்டும் தோன்றியதாம்.

"தம்பி வந்திருக்கானில்லா, டாக்டர்" என்றான். "செய்யுங்க."

மேலே வைத்த எலும்பு நன்றாக ஒட்டியது. அதில் குறை சொல்ல முடியாது. மாதங்கள் கழித்து ஸ்குரூவும் அதன்மேல் பல்லும் வந்தன. இரண்டும் பழைய பல்லைவிட அழகாக இருந்தன. கீழுதடும் நாடியும்தான் திரும்பி வரவில்லை. சூடான சாயா உதட்டில் பட்டுக் கொப்புளித்தது கண்ணாடியில் பார்க்கும்போதுதான் தெரியும். சோற்றுப்பருக்கை ஒட்டியிருந்தால் குளோரி சொல்ல வேண்டும். ஆறு மாதம் பாருங்கள் என்றார்கள், பிறகு ஒரு வருடம் என்றார்கள். தம்பியிடம் இதைச் சொல்லக் கூடாது என்று ஏசுஅடிமை குளோரியைத் தடுத்துவைத்திருந்தான்.

அதற்குள் ஷாஜன் சபை வாட்ஸ்அப் குழுவில் படங்கள் போட்டிருந்தான். பல் இல்லாத அண்ணன், நிறம் பூசிய மண்டையோடு, பல் உள்ள அண்ணன். கீழே, கம்ப்யூட்டர் வழிகாட்டலில் நம் மாவட்டத்துக்காரர் ஒருவருக்கு நடந்த நவீன சிகிச்சை என்று எழுதியிருந்தான். எனக்கும் வந்தது. ஸ்தோத்திரங்கள் குவிந்தன. கடியப்பட்டணத்திலிருந்து ஒருவர் டாக்டரின் நம்பர் கேட்டிருந்தார். சிரிக்கிற படத்தில் கீழுதடு ஒரு பக்கம் ஈரமாக மின்னியதை யாரும் கவனிக்கவில்லை.

குளோரியின் நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் டாக்டர் தேவகுமாரிடம் போனார்கள். அவர் பஞ்சுத் திரியால் நாடியைத் தொட்டார். "தெரியுதா?" "இல்ல." ஊசி முனையால் தொட்டார். "இப்பம்?" "என்னமோ தூரத்துல தட்டுகது போல."

"என்ன முறையில எடுத்தாங்க?"

"கம்ப்யூட்டர் வச்சு" என்றான் ஏசுஅடிமை.

டாக்டர் புதிய ஸ்கேனைப் பார்த்தார், பழைய திட்டத்தின் படத்தைப் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இந்தத் திட்டப்படி வெட்டினா குழி இங்க வராதே. இது ரொம்ப ஓரத்துக்கு வந்திருக்கு."

"பொய் சொல்லாதீங்க" என்று குளோரி வெடித்தாள். "டாக்டர், அச்சு பிடிக்கல்ல. கையாலதான் வெட்டினாங்க. கொழுந்தனுக்கு பிளைட்டுக்கு நேரமாச்சுன்னு வெட்டினாங்க."

தேவகுமார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கையாலதான் வெட்டணும்னா எங்கிட்ட வந்திருக்கலாமே வே. நான் நாள்கூடக் குறிச்சுத் தந்தேனே." ஸ்கேனை உறைக்குள் போட்டார். "அந்த அச்சுக்கு ஒரு மாசம் காத்திருந்தாலும் போதும், நல்லா வந்திருக்கும். ரெண்டுல ஒண்ணை ஒழுங்காச் செய்யணுமில்லா? ரெண்டுக்கும் நடுவுல போய் விழுந்திருக்கீரு." இனி வருமா என்று குளோரி கேட்டாள். "கொஞ்சம் வரலாம். டிரம்பெட் வாசிக்க அந்தக் கொஞ்சம் போதாது" என்றார். சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாத மனிதர்.

அதற்குப் பிறகும் அவன் விடவில்லை. பின்வாசலில் நின்றுகொண்டு சாயங்காலந்தோறும் ஊதிப் பார்ப்பான். மவுத்பீஸ் உதட்டில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று உதட்டுக்குத் தெரியாது. ஓரத்தில் காற்று போகும். முதல் சுரம் வரும், இரண்டாவதில் எச்சில் வழியும். அடுத்த வீட்டு ராகேல் சித்தி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "பிள்ளே குளோரி, குக்கரு விசில் போகுது, பாக்கலியா?" என்று கேட்டாள். தெரியாமல் கேட்டாளா, தெரிந்தே கேட்டாளா என்று குளோரிக்கு இன்னும் சந்தேகம்தான்.

சுயம்புராஜ் ஒரு வருடத்துக்கு மேல் டிரம்பெட் இடத்தை வைத்திருந்தார். அதற்குமேல் அவராலும் முடியவில்லை. முட்டத்துச் சிலுவைதாசனைக் கூட்டிவந்தார். "ஏலே, செட்டை விட்டுப் போயிராதே" என்று ஏசுஅடிமையிடம் சொன்னார். "உனக்க காது வேணும் எனக்கு. சிம்பல் தட்டைப் பிடி. தாளத்துக்கு உதடு வேண்டாமில்லா."

"சிம்பலுக்குப் பல்லும் வேண்டாம், மாஸ்டரே" என்றான் ஏசுஅடிமை. "இத முதல்லயே சொல்லியிருந்தா திருவனந்தபுரம் போயிருக்க வேண்டாம்." சுயம்புராஜ் சிரிக்கப் பார்த்தார். அவருக்கு வரவில்லை.

போன மாதம் எங்கள் சபையில் அசனம். ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆண்டுப் பண்டிகை. சபையில் இப்போது எல்லாம் யூடியூபில் நேரலை. கேமரா பிரசங்க பீடத்தை விட்டு நகராது. வெளியே வாசலில் நிற்கும் பேண்டின் சத்தம் மட்டும் கேட்கும். நானும் பார்த்தேன். டிரம்பெட் ஏறியபோது எனக்கும் ஒரு நொடி அவன்தான் என்று தோன்றியது. யார் வாசிப்பது என்று தெரிந்திருந்ததால் அந்த நொடியோடு போயிற்று.

சாயங்காலம் ஷாஜன் கூப்பிட்டான். குளோரி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், போன் ஸ்பீக்கரில் கிடந்தது.

"அண்ணே! கேட்டேன். ரூம்ல உள்ள எல்லாரையும் கூப்பிட்டு இருத்திக் கேக்க வச்சேன். எனக்க அண்ணனாக்கும்னு சொன்னேன். ரெண்டாவது பாட்டுல ஒரு பாலக்காட்டுக்காரன் கண்ணத் துடைச்சான். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துதண்ணே, உள்ளதைச் சொல்லுகேன். இன்னைக்குத்தான் தீந்துது. அன்னைக்கு எடுத்த முடிவு தப்பில்ல, இல்லியா?"

ஏசுஅடிமை துண்டால் நாடியைத் துடைத்துக்கொண்டான்.

"அது முட்டத்துச் சிலுவைதாசன்டே."

"என்னது?"

"வாசிச்சது சிலுவைதாசன். நான் சிம்பல் தட்டினேன். எனக்கு இனி ஊத முடியாது ஷாஜா."

"ஹலோ? ஹலோ, அண்ணே? ஒண்ணும் கேக்கல்லியே" என்றான் ஷாஜன். அவன் அறையில் ஓடிக்கொண்டிருந்த டிவியில் ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. "ரேஞ்சு இல்லண்ணே. பிறகு விளிக்கேன்."

மறுநாள் அவன் கூப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. சபைக் குழுவில் யாரோ அசனப் பந்தியில் பரிமாறிய ஆட்டுக்கறியின் படத்தைப் போட்டிருந்தார்கள். அதன் கீழே ஷாஜனின் கட்டைவிரல் லைக் மட்டும் விழுந்திருந்தது.